மாதா கோயிலில் தொங்கிய என் முதுகெலும்பு

முதலில் ஒரு புத்திமதி. இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். புத்திமதி இல்லாமல் எதையும் தொடங்க வராது. பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். கடவுளுக்கும் கொடுக்காதீர்கள். கடைசியில் சொன்னதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சீட்டு எழுதுகிறவரே ஒருமுறை சிரித்துவிட்டார். சங்கராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவர் அந்தோணிசாமி மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களோடு இருப்பவர் அவருடைய அக்கா சவரியம்மா. புருஷன் போனபிறகு தம்பி வீட்டுக்கு வந்தவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பதினெட்டு வருடமாக அவருக்கும் எனக்கும் ஒரே அடுப்படி. பாதி நாள் நாங்கள் பேசுவோம், பாதி நாள் பாத்திரங்கள் பேசும்.

நாற்பத்திரண்டாவது வயதில் என் இடது மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்துவிட்டார்கள். அதைப்பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அழுதேன், ஆறினேன், முந்தானையை இரண்டு மடிப்பு அதிகமாக வைத்துக் கட்டப் பழகினேன், பள்ளிக்கூடம் போனேன். இரண்டு வருடம் ஒன்றுமில்லை. அப்புறம் முதுகுவலி வந்தது. கரும்பலகையில் மேல்வரி எழுதக் கையைத் தூக்கினால் இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கும். எல்லா டீச்சருக்கும் வருகிற வலிதான் என்று மூன்று மாதம் தைலம் தேய்த்தேன். வலி தைலத்துக்கு மசியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு கறுப்புப் பொட்டுகள். அந்த இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். எலும்புப் புற்றுநோய் வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அதே புதுச்சேரி ஆஸ்பத்திரி டாக்டரம்மா இல்லை என்றார். மார்பில் இருந்த நோய்தான் ரத்தத்தோடு போய் எலும்பில் குடியேறியிருக்கிறது. வீடு மாறினாலும் ஆள் அதே ஆள்தான். ஆகவே மார்பகப் புற்றுக்குக் கொடுக்கிற மருந்தேதான் இதற்கும். இனி முழுதாகப் போகாது, ஆனால் அடக்கிவைக்கலாம் என்றார். என் கட்டி பெண்களுக்குச் சுரக்கிற ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை. அதன் வாயை அடைப்பதற்கு டமாக்சிபென் என்று ஒரு மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வியர்த்துக் கொட்டும். மற்றபடி சோறு தின்னலாம், வேலைக்குப் போகலாம்.

நான்கு மாதத்தில் வலி போய்விட்டது. ஒரு நாள் கிணற்றடியிலிருந்து குடத்தை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு வந்தேன். அண்ணி பார்த்துவிட்டுக் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். எனக்காக மாதாவிடம் நேர்ந்துகொண்ட பொருத்தனை அன்றைக்கே அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கல்வராயன் மலையில் அடிவாரத்திலிருந்து ஒன்றரை மணிநேரம் ஏறினால் சின்னதாக ஒரு மாதா கோயில் இருக்கிறது. ஓட்டுக் கூரை, ஒற்றை மணி. வேண்டுதல் பலித்தவர்கள் அதன் பக்கச்சுவரில் எதையாவது மாட்டிவிட்டு வருவார்கள். வெள்ளிக்கண், மரத்தொட்டில், பரீட்சை ஹால் டிக்கெட், உடைந்த கால் கூடினவர் கழற்றிப்போட்ட மாவுக்கட்டு எல்லாம் அங்கே தொங்கும்.

நான் நோட்டு திருத்திக்கொண்டிருந்தபோது அண்ணி அந்த எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து முன்னால் நின்றார்.

"மேரி, இது இன்னும் எதுக்கு வூட்ல? வியாதிய வூட்லயே வெச்சிக்கினு இருக்கிற மாரி இருக்குது. மாதாவுக்குக் குடுத்துடறேன்."

"எடுத்துக்கினு போங்க அண்ணி, எனக்கு எதுக்கு?" என்றேன் தலையைத் தூக்காமலே.

இதை நான் சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பின்னால் அண்ணியைத் திட்டும்போது இதை வசதியாக மறந்துபோனேன்.

ஒன்றேகால் வருடம் கழித்து வலது இடுப்பில் வலி ஆரம்பித்தது. கள்ளக்குறிச்சியில் புதிதாக எக்ஸ்ரே எடுத்தோம். அங்கே பார்த்த டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து எண்ணினார். முதுகெலும்பில் மூன்று, வலது இடுப்பெலும்பில் ஒன்று, ஆக நான்கு வெள்ளைத் திட்டு. பழைய ரிப்போர்ட்டில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. "ரெண்டு நாலாயிடுச்சு. மாத்திரை இனிமே கேக்காது. ஊசிக்கு மாறணும்" என்றார். கூட்டல் கணக்கு மாதிரிச் சொன்னார். நானும் கணக்கு டீச்சர்தான், மறுத்துப்பேச வழியில்லை.

ஊசி என்றால் என்ன என்று புதுச்சேரி வார்டில் பார்த்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். வாந்தி, வாய்ப்புண். முடி முழுவதும் கொட்டும். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற அணுக்கள் குறைவதால் சின்னக் காய்ச்சல்கூட ஆளைச் சாய்த்துவிடும். பள்ளிக்கூடம் போக முடியாது. இதெல்லாம் தாங்கமுடியாதது இல்லை. தாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. பயந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

புதுச்சேரியில் டாக்டரம்மா புதுப்படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், கறுப்புன்னா எலும்பு கரைஞ்ச இடம். அது ஆறும்போது புது எலும்பு கட்டும், அப்ப வெள்ளையாத் தெரியும். ஆனா புதுசா வர்ற நோயும் சில பேருக்கு வெள்ளையாவே வரும். இந்த நாலும் ஆறினதா, புதுசா வந்ததான்னு இத மட்டும் வச்சு என்னால சொல்ல முடியாது. முதல் படத்தக் குடுங்க."

"ரிப்போர்ட் இருக்குதுங்க டாக்டர்."

"ரிப்போர்ட்டுங்கிறது இன்னொருத்தர் கண்ணு. அவர் ரெண்டுன்னு எழுதியிருக்கார். சின்னதா இன்னும் ரெண்டு இருந்து அவர் விட்டிருந்தா? நானே மறுபடி உன்னிப்பாப் பாக்கணும். படம் எங்க?"

"கோயில்ல இருக்குதுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். இந்த நோய்க்கு இருக்கிற மருந்துகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். வேலை செய்துகொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்தினால் ஒரு மருந்தை வீணாகச் செலவழித்ததாக ஆகிவிடும். வேலை செய்யாத மாத்திரையைப் பிடித்துக்கொண்டிருந்தாலோ நோய் முந்திக்கொண்டு ஓடும். "ரெண்டு வாரம் தர்றேன். படம் வந்தா பாத்துட்டு முடிவு பண்ணலாம். வரலன்னா ஊசி ஆரம்பிச்சிடுவேன். குருட்டுத்தனமா காத்திருக்க மாட்டேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது திருக்கோவிலூர் தாண்டும்வரை என் கணவர் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தொழில் பாஷையில் சொன்னார். "பேரிங் சத்தம் வந்தா மாத்திடலாம், அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா மாத்தறதுக்கு முன்னாடி பழைய அளவப் பாக்கணும் மேரி. கழட்டி எறிஞ்சப்புறம் அது நல்லாத்தான் இருந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னா பண்றது?"

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார். அண்ணிக்கு முகம் செத்துப்போய்விட்டது.

"மாதாவுக்குன்னு குடுத்தத எப்பிடிடா திரும்ப வாங்கறது? குடுத்துட்டு வாங்கினா வூடு வெளங்குமா? வேற படம் எடுக்கச் சொல்லு. காசு நான் தரேன்."

"அக்கா, போன வருசத்து எலும்ப இந்த வருசம் எப்பிடிப் படம் எடுக்கறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடின்னா ஊசியையும் மாதாவையே போட்டுக்கச் சொல்லுங்க" என்றேன். அண்ணி சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னது சொன்னதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே மலைக்குப் போவதாகக் கணவர் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அது கரும்பு அரவை இல்லாத காலம். ஆலையில் இயந்திரங்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், வாரக்கணக்கில் அங்கேயே தங்குவார். அவர் போன மறுநாள் சாலை மறியல் ஆரம்பித்தது. இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டம். ஒரு வாரத்துக்கு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இங்கே ஒரு நாளுக்கு மேல் எதுவும் நடந்ததில்லை என்று நாங்கள்தான் அசட்டையாக இருந்துவிட்டோம். ரோட்டோரத்துப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, தபால் இல்லை. அங்கங்கே துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்தார்கள் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. அடுத்த தலைமுறைக்குப் படிப்பும் வேலையும் கேட்டு அவர்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு எக்ஸ்ரே படத்துக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கணவர் ஆலையிலேயே மாட்டிக்கொண்டார்.

பகலில் பள்ளிக்கூடமும் இல்லாமல் அந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். இது என்னைக் காப்பாற்றுகிறதா, ஏமாற்றுகிறதா என்று தெரியாமல் தினம் இரண்டு வேளை விழுங்கினேன். நோயைவிட இந்தத் தெரியாமைதான் எனக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது.

மறியலின் மூன்றாம் நாள் விடியற்காலையில் எழுந்தபோது அண்ணி காலியான யூரியா சாக்கு ஒன்றைக் கழுவித் துடைத்து மடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் இரண்டு நாளைக்கான கஞ்சி இருந்தது.

"எங்க அண்ணி கெளம்பிட்டீங்க?"

"கதவ தாழ் போட்டுக்கோ. நாளன்னிக்கு வந்துடுவேன்."

"ரோடு பூரா மரம் கெடக்குது. போலீஸ் வேற நிக்குது. நடந்து போறதாவது!"

"மரந்தானே? ஏறி எறங்கினா போவுது."

ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. முழங்கால் வலி. தடுத்திருக்க வேண்டும். எனக்குப் படம் வேண்டியிருந்தது, அதனால் தடுக்கவில்லை. மனிதர்களின் சுயநலம் எந்த அளவுக்குப் போகும் என்பதை மற்றவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சொன்னபடி மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். ஒரு சைக்கிள்காரர் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். கால் இரண்டும் வீங்கியிருந்தன, புடவையில் முள் கிழித்திருந்தது. மரம் வெட்டிப்போட்ட இடத்தில் ஆட்கள் நிறுத்தி, சாக்கில் என்ன என்று கேட்டார்களாம். படத்தை வெளியில் எடுத்து ஒருவர் வெயிலுக்கு நேராகப் பிடித்திருக்கிறார்.

"இது யாரு ஆயான்னு கேட்டான். என் தம்பி பொண்டாட்டி, டீச்சரு, இத டாக்டருக்குக் காட்டலன்னா ஊசி போட்டுக் கொன்னுடுவாங்கன்னேன். இன்னொருத்தன் வந்து, ஏறு ஆயா சைக்கிள்லன்னு இட்டுக்கினு வந்து வுட்டுட்டான். பாவம், மரம் வர்ற எடத்துல எல்லாம் சைக்கிளத் தூக்கித் தோள்ல வெச்சிக்கினான்."

"உபதேசியார் ஒண்ணும் சொல்லாம குடுத்தாரா அண்ணி?" மலைக்கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர், சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

"குடுத்தாரு, குடுத்தாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி குளிக்கப் போய்விட்டார். வெந்நீர் போட்டு அவர் காலை நான் தேய்த்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் அவர் காலை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் பேசவில்லை. அன்றைக்குப் பாத்திரங்களும் பேசவில்லை.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் புதுச்சேரிக்குப் போனோம். வெட்டிய மரங்களை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். இலை எல்லாம் வாடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் நீளப் பெஞ்சு. தலையில் துண்டு கட்டிய பெண்கள். அவர்களில் ஒரு அம்மாள் எனக்கு இடம் நகர்ந்து கொடுத்து, "மொத தடவையா?" என்றார். "இன்னும் தெரியலீங்க" என்றேன். அவருக்கு அந்தப் பதில் புரிந்தது. அண்ணி யூரியா சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். ஆனால் கோயிலிலிருந்து வந்தபிறகு அந்தப் படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா பழைய படத்தைப் புதுப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். சுவரில் தொங்கிய படம் மெழுகுவர்த்திப் புகையில் ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. முதுகெலும்பில் இரண்டு கறுப்பு எனக்கே தெரிந்தது. அவர் பேனா முனையால் மூன்றாவது ஒன்றைக் காட்டினார். பாசிப்பயறு அளவு. "இது இருந்திருக்கு, எழுதாம விட்டுட்டாங்க." கீழ் மூலையில், வலது இடுப்பெலும்பு வருகிற இடத்தில், மெழுகு சொட்டி உறைந்திருந்தது. அந்த நான்காவது இடம் அங்கேதான் இருக்கவேண்டும்.

டாக்டரம்மா படத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, நகத்தால் மெழுகை மெல்லப் பெயர்த்தார். படத்தில் கீறல் விழாமல் அதை எடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை இப்போதும் என்னால் விவரிக்க முடியவில்லை. என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். டாக்டரம்மா பஞ்சால் துடைத்து மறுபடி மாட்டினார்.

அங்கே ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது.

"நாலும் அப்பவே இருந்திருக்கு டீச்சர். நாலுமே இப்ப வெள்ளையாயிருக்கு. ஆறிக்கிட்டிருக்கு. மாத்திரைய மாத்த வேண்டாம்."

நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். இடுப்புவலி எதனால் என்று கேட்டதற்கு, ஆறுகிற எலும்பும் வலிக்கும், நாள் முழுக்க நிற்கிற டீச்சருக்கும் வலிக்கும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்றார். கிளம்பும்போது அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டரம்மா, இனிமே இத எடுத்த எடத்துலயே வெச்சிடலாங்களா?"

"கூடவே கூடாதும்மா. இனி ஒவ்வொரு தடவையும் இது வேணும். பத்திரமா பீரோவுல வைங்க."

அண்ணி தலையை ஆட்டினார். எல்லோரும் சந்தோஷமாக இருந்த அந்த நேரத்தில் அவர் மட்டும் ஏன் அப்படி வாடிப்போனார் என்று நான் யோசிக்கவில்லை. நடந்த களைப்பு என்று நினைத்தேன்.

அந்த மாத்திரை அதன்பிறகு பதினான்கு மாதம் வேலை செய்தது. பதினான்கு மாதம் நான் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், குடம் தூக்கினேன், அண்ணியோடு சண்டை போட்டேன். பிறகு வலி வந்தது. இந்தமுறை படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தபோது ஆறின வெள்ளைகளுக்கு நடுவே புதிதாகக் கறுப்பு தெரிந்தது, எனக்கே தெரிந்தது. டாக்டரம்மா ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. "மாத்திடலாங்க" என்று நானே சொன்னேன். பயம் இருந்தது, சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாத பயத்தோடு குடித்தனம் பண்ண முடியும் என்று அப்போது தெரிந்தது. ஆறு ஊசி போட்டார்கள். பார்த்தது எல்லாம் எனக்கும் நடந்தது, வாந்தி, புண், முடி. ஆறாவது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. வலி அடங்கியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன்.

போனவாரம் அண்ணி என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். முடி அரை விரல்கடை முளைத்திருக்கிறது. திடீரென்று அவர் கை நின்றது.

"மேரி, உனக்குத் திரும்ப வந்தது என்னாலதான்."

"இன்னா அண்ணி உளர்றீங்க?"

"அன்னிக்கு உபதேசியார் ஊர்ல இல்ல. மறியல்ல அவரும் கீழ மாட்டிக்கினாரு. கோயில் சன்னல் ஒண்ணு சும்மாத்தான் சாத்தி இருந்துச்சு. அதுல பூந்து எடுத்துக்கினு வந்துட்டேன்."

முழங்கால் வலிக்காரர் சன்னலில் ஏறிக் குதித்ததை நினைத்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. "மாதாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா இல்லியா?" என்றேன்.

"கேக்கல. நிமிந்துகூடப் பாக்கல. கேட்டு, தரமாட்டேன்னு மனசுல தோணிச்சுன்னா நான் இன்னாடி பண்ணுவேன்? உன்ன ஊசிக்கு வுட்டுடறதா? அதான் கேக்காமயே எடுத்தேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்த இரண்டு வருடமும் மலைத் திருவிழாவுக்கு அவர் போகாதது அப்போதுதான் உறைத்தது. முழங்கால் வலி என்று சொன்னதை நம்பியிருந்தேன். வாரம் தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷி, மாதாவின் முகத்தில் விழிக்க முடியாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறார், எனக்குப் பதினான்கு மாதம் வாங்கிக் கொடுத்துவிட்டு.

"அண்ணி, குடுன்னு சொன்னதும் நான்தான். எடுத்ததும் எனக்காவத்தான். திருட்டுப் பொருள வெச்சிக்கினு இருக்கிறவளும் நான்தான். போலீசு வந்தா என்னையத்தான் மொதல்ல புடிப்பாங்க."

அண்ணி மறுபடி எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தார், கொஞ்சம் அழுத்தமாகவே.

வரும் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மலைக்குப் போகிறோம். என்னால் ஒன்றரை மணிநேரம் ஏற முடியாது, மூன்று மணிநேரம் ஆகட்டும். மாதாவிடம் நான்தான் பேசப்போகிறேன், அண்ணி பக்கத்தில் நின்றால் போதும். படத்தைக் கொண்டுபோகவில்லை. அது பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி அண்ணியின் இடுப்பில் இருக்கிறது.